பழைய பாட்டுக்கு ஒரு அறிவிப்பாளர் வேண்டும்

யூடியூபில் பாகவதர் என்று தட்டினால் பாட்டு வந்து கொட்டுகிறது. பி.யு.சின்னப்பாவும் இருக்கிறார். "அப்புறம் என்னடா, பழைய பாட்டு எங்கே அழிஞ்சு போச்சு?" என்று கிளாஸில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பெயர் தெரிந்தவன்தானே தேடுவான்? பெயரே தெரியாத பாட்டை யார் தேடப் போகிறார்கள்?

ஒரு பாட்டு பெட்டியில் பத்திரமாக இருப்பது வேறு, காதில் விழுவது வேறு. முதலாவதற்குக் கம்ப்யூட்டர் போதும். இரண்டாவதற்கு, "இந்தப் படம், இந்த வருஷம், இவர் இசை, இவர் பாடியது, கேளுங்கள்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். இன்றைக்கு அந்த ஆளுக்குச் சரியான இடம் இணைய வானொலி என்பது என் கட்சி.

வரலாறு இதற்குச் சாட்சி. 1952ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு பிடிக்காது. ஆகாசவாணியில் அதை ஓரங்கட்டினார். பாட்டு செத்ததா? இல்லை. ஜனங்கள் ரேடியோ முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள். வேறு வழியில்லாமல் 1957 அக்டோபர் 3ல் நம் அரசே விவித் பாரதியைத் தொடங்கியது. பாட்டைக் காப்பாற்றியது இசைத்தட்டு அலமாரி அல்ல, இன்னொரு ஊரில் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

தமிழில் அந்த வேலையைச் செய்தவர்கள் எஸ்.பி.மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது போன்ற இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள். சினிமாப் பாட்டு மட்டுமல்ல. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி' என்று கிதாரும் பைலா தாளமும் சேர்ந்த பொப்பிசை அங்கே பிறந்தது. தமிழில் பாப் இசைக்கு முன்னோடி அதுதான். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நீலகிரிக்கு இதில் தனிச் சொந்தம் உண்டு. 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. அப்படி வந்த மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968ல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பிறகு டான்டீ ஆனது. குந்தா, கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கத்து லைன் வீடுகளில் இன்றும் அந்தக் குடும்பங்கள் இருக்கின்றன. என் அப்பாயி அங்கிருந்து வந்தவர். ஊர் பெயர்கள் பாதி மறந்துவிட்டது, பாட்டு மறக்கவில்லை. 1970ல் இருபது வயதாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. எந்தப் பாட்டைத் தேட வேண்டும் என்று நமக்குச் சொல்லக் கூடியவர்கள் இவர்கள்தான். எவ்வளவு நாள் காத்திருக்கப் போகிறோம்?

செலவு என்ன ஆகும்? பி.காம். மாணவன் கணக்குப் போடாமல் விடுவேனா! இணைய வானொலிக்குக் கோபுரம் வேண்டாம், அலைவரிசை வேண்டாம். எஃப்.எம். அலை மலையைத் தாண்டாது. அவலாஞ்சி மாதிரிப் பள்ளத்தாக்குகளில் அது பெரிய தொல்லை. 64 கேபிபிஎஸ் வேகத்தில் பாட்டு அனுப்பினால் கேட்பவருக்கு ஒரு மணி நேரத்துக்கு சுமார் 29 எம்.பி. செலவாகும். வீடியோவோடு ஒப்பிட்டால் இது கொசு. ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு மைக், வாடகை சர்வர் இருந்தால் நிலையம் தயார்.

ஆனால் உண்மையான சிக்கல் உரிமம். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை 60 வருஷம். 1944ல் வந்த 'ஹரிதாஸ்' பாட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை 2004 முடிவிலேயே தீர்ந்துவிட்டது. சந்தோஷப்படாதீர்கள்! வரிகளுக்குத் தனி உரிமை உண்டு. எழுதியவர் இறந்து 60 வருஷம் வரை அது நீளும். பாபநாசம் சிவன் மறைந்தது 1973ல். ஆகவே 2033 முடியும் வரை அனுமதி வேண்டும்.

சாதாரண வானொலிக்கு ஒரு வசதி உண்டு. 2012ல் சேர்த்த 31டி பிரிவின்படி, நிர்ணயித்த கட்டணத்தைக் கட்டிவிட்டு ஒலிபரப்பலாம். ஒவ்வொரு கம்பெனியிடமும் போய் நிற்க வேண்டாம். ஆனால் இந்தச் சலுகை இணையத்துக்குப் பொருந்தாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2019ல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு ஒரு பெரிய கம்பெனியின் பாட்டுச் செயலி பற்றியது. அடி விழுவது சின்ன ஆளுக்கும் சேர்த்துத்தான்.

அமெரிக்காவிலும் இந்தச் சண்டை நடந்தது. அங்கே 1930, 40களின் பிக் பேண்ட் இசையை மட்டுமே போடும் இணைய வானொலிகள் உண்டு. 2002ல் ஒரு பாட்டுக்கு, ஒரு நேயருக்கு 0.07 சென்ட் என்று கட்டணம் வைத்தார்கள். அற்பத் தொகை போலத் தெரியும். நூறு நேயர், மணிக்கு 15 பாட்டு, 24 மணி நேரம் என்று பெருக்கினால் நாளுக்கு 25 டாலர். வருமானமே இல்லாத நிலையம் எங்கே போகும்? கூச்சல் கிளம்பியதும் அதே வருஷம் சின்ன நிலையங்கள் வருமானத்தில் ஒரு பங்கு கட்டினால் போதும் என்று வழி செய்ய சட்டம் வந்தது. அந்தச் சலுகை 2015 முடிவில் தீர்ந்தது. முதலீட்டாளர்களும் விலகியதால், ஏராளமான சின்ன நிலையங்களைத் தாங்கிய லைவ்365 2016 ஜனவரியில் மூடப்பட்டது. 2017ல்தான் திரும்பி வந்தது. சட்டத்தில் ஒரு வரி போதும், வாழ வைக்கவும் மூடவும்.

நமக்கும் அந்த வழிதான் வேண்டும். லாப நோக்கமில்லாத சின்ன இணைய வானொலி, நாற்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டுகளைப் போட்டால், வருமானத்தில் ஒரு சதவீதம் கட்டட்டும். கலைஞர் குடும்பத்துக்குப் பணம் போகக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. யாருமே போடாத பாட்டால் அவர்களுக்கு வருவது பூஜ்யம். பூஜ்யத்தை விட ஒரு ரூபாய் பெரிது, இல்லையா?

இணைய வானொலி எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் கரண்ட் போய், நெட் போய் நிற்கும்போது பாட்டரி ரேடியோவும் ஆகாசவாணியும்தான் துணை. அதை மூடச் சொல்லவில்லை, இதைத் திறக்கச் சொல்கிறேன்.

சட்டம் மாறும் வரை சும்மா இருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டில் சிலோன் ரேடியோ கேட்டு வளர்ந்த பெரியவர் இருந்தால், ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பாட்டு, படம், எப்போது கேட்டது, யார் அறிவித்தது - எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். நாளைக்கு மைக் கிடைக்கும்போது என்ன சொல்வது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?