ஒரே ஆற்றின் மேலும் கீழும்

பௌர்ணமி விடுமுறையான போயா தினம் வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டால் மருதானை ரயில் நிலையம் இளைஞர்களால் நிரம்பிவிடும். முதுகில் பை, கையில் சோற்றுப் பார்சல், ஹட்டன் வரை பாட்டு. அங்கிருந்து வான் பிடித்தால் டிக்கோயா, காசல்ரீ, பொகவந்தலாவை. காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்து நிற்கும் வார்லி தேவாலயம் 1878இல் கட்டப்பட்டது. கல்சுவரும் கல்லறைத் தோட்டமுமாக அது ஓர் இங்கிலாந்துக் கிராமத்தின் மூலை போலவே இருக்கும். பொகவந்தலாவையின் புனித மரியாள் ஆலய வளவில், புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை இருக்கிறது. அவர் இறந்தது 1879இல். நண்பர்களோடு ஒரு தடவையாவது போய்ப் பார்க்க வேண்டிய ஊர்கள் இவை.

போகிற நாம் அங்கே எதை விட்டுவருகிறோம் என்பதே என் கவலை. காசல்ரீயில் தேங்குவது கெகெல்கமு ஓயாவின் நீர். அது மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி கங்கையாகிறது. களனியின் நீரை அம்பத்தலையில் சுத்திகரித்துத்தான் கொழும்பின் பெரும்பகுதிக்கு அனுப்புகிறார்கள். நீர்த்தேக்கக் கரையில் நாம் வீசும் பொலித்தீன் பையும் போத்தலும் நம் குழாய்க்கு மேலேதான் கிடக்கின்றன. அதற்கும் முன்னால் அந்தக் குப்பை தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழும் மக்களைத் தொடுகிறது. மலையில் ஊறும் தண்ணீரைப் பீலியில் பிடித்துக் குடிக்கும் குடும்பங்கள் அங்கே இன்னும் உண்டு. நாம் படமெடுக்கும் பச்சை மலைச்சரிவுகள் அவர்களின் பாட்டன், பூட்டிகள் காடு வெட்டி உண்டாக்கியவை. கொழுந்து பறிக்கும் அக்காவை நிறுத்திப் படத்துக்கு நிற்கச் சொல்வோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: அன்றைய நிறை குறைந்தால் அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும்.

குப்பைக்கான பொறுப்பைப் பயணிகளின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. சோறு கட்டும் பொலித்தீன் லஞ்ச்சீட்டுக்கு 2017இலேயே தடை வந்தது; தடை வந்தால் போதாது, வாழையிலையில் கட்டித் தரும் கடைக்காரரும் வேண்டும், அதைக் கேட்டு வாங்கும் நாமும் வேண்டும். வான் சாரதி வண்டியில் ஒரு குப்பைச் சாக்கு வைக்கலாம். பிரதேச சபை நீண்ட விடுமுறை நாட்களில் குப்பை அள்ளும் தடவைகளைக் கூட்டலாம். ஹோர்ட்டன் சமவெளியின் நுழைவாயிலில் பைகளைப் பார்த்துப் பொலித்தீனை எடுத்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அங்கே யாரும் அதற்காகச் சண்டை பிடிப்பதில்லை. காசல்ரீக் கரையில் மட்டும் ஏன் முடியாது?

நாம் புறப்படும் மருதானையில் ஆனந்தாக் கல்லூரியும் ஸாஹிராக் கல்லூரியும் அருகருகே இருக்கின்றன. பள்ளிவாசலும் கோவிலும் விகாரையும் தேவாலயமும் சில நிமிட நடையில் வந்துவிடும். சுற்றுலா போகாத இளைஞர் சங்கம் இங்கே எதுவுமில்லை. இந்தச் சங்கத்தார் எல்லோரும் அடுத்த நீண்ட விடுமுறைக்கு முன்பே ஒன்றாகக் கூடி, கொண்டுபோன எல்லாவற்றையும் கொழும்புக்கே திருப்பிக் கொண்டுவருவது என்று முடிவெடுக்கட்டும். பயணப் பட்டியலில் தண்ணீர்ப் போத்தலுக்கு அடுத்த வரியாக ஒரு வெற்றுச் சாக்கையும் எழுதிக்கொள்ளட்டும்.