55.42க்கு அப்பால்

உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் ஓடிய 9.58 விநாடிதான் மனித உடலின் எல்லையா? ஆய்வகத்துக்கு அது நல்ல கேள்வி. நெய்க்காரப்பட்டி மண் தரையில் பிள்ளைகளை ஓடவிடும் உடற்கல்வி ஆசிரியருக்கோ வேறோர் எண்தான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. அது 55.42.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா எடுத்த நேரம் அது. விநாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் கைநழுவியது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் கோவையின் வித்யா ராம்ராஜ் ஓடியதும் மிகச் சரியாக அதே 55.42. மறுநாள் 55.68 ஓடி வெண்கலம் வென்றார். நாம் நெஞ்சாரக் கொண்டாட வேண்டிய ஓட்டம் அது. ஆனால் 1984இல் தங்கத்துக்கும் உஷாவுக்கும் இடைவெளி 0.81 விநாடி மட்டுமே. 2024 பாரிஸில் தங்கம் வென்ற சிட்னி மெக்லாக்லின் ஓடியது 50.37. இந்த நாற்பது ஆண்டுகளில் நம் பெண்களின் தசை எல்லையைத் தொட்டுவிடவில்லை; நம் பயிற்சிதான் நின்ற இடத்திலேயே நின்றது.

தடைகளுக்கு நடுவே 35 மீட்டர். உலகத் தரத்தில் அதைப் பொதுவாகப் பதினைந்து காலடிகளில் கடக்கிறார்கள். ஒரே காலால் மட்டும் தாண்டப் பழகிய பெண், களைப்பில் அடி குறுகியதும் பதினைந்திலிருந்து நேரே பதினேழுக்கு மாற வேண்டியிருக்கிறது. ஒற்றைப்படை அடியில்தான் அதே கால் முன்னே வரும் என்பதால் அவளுக்கு வேறு வழியில்லை. தடைக்கு முன்னால் வேகத்தைத் தானே பிடித்து நிறுத்துகிறாள். இரு காலாலும் தாண்டத் தெரிந்தவள் பதினாறில் சமாளித்துவிடுவாள். ஆறாவது, ஏழாவது தடையில் நாம் இழக்கும் நேரத்தில் பெரும்பகுதி இதுதான். இதை நுரையீரலின் குறை என்று எழுதி வைப்பது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். மறு காலையும் பழக்க சிந்தெடிக் தளம் வேண்டாம். சுண்ணாம்புக் கோடும், கால் பட்டால் விழுந்துவிடும் ஒரு மூங்கில் குச்சியும் போதும். சித்திரை வெயிலில் மட்டும் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

பிளஸ் டூ முடிந்ததும் "இவளுக்கு இவ்வளவுதான்" என்று கைவிடுவது இன்னொரு தவறு. 55.42 ஓடியபோது வித்யாவுக்கு வயது 25.

குறுவட்டப் போட்டிகளில் கடிகாரத்தைக் கையால் நிறுத்துகிறோம். உஷா இழந்த அந்த நூறில் ஒரு பங்கு அதில் தெரியவே தெரியாது. ஆனால் கைப்பேசிக் காணொளியில் ஒவ்வொரு தடைக்கும் பிறகு கால் தரையைத் தொடும் கணத்தைக் குறித்துக்கொள்ளலாம், நடுவே எத்தனை அடி என்று எண்ணலாம். பழனி, ஒட்டன்சத்திரம், நத்தம் பக்கத்து ஆசிரியர்கள் இந்தப் பருவத்தில் ஆளுக்கு ஒரு மாணவியின் பத்துத் தடைக் கணக்கையாவது எங்களுக்கு அனுப்புங்கள். பெயர் இல்லாமல், வயதும் தரையின் தன்மையும் மட்டும் போதும். வந்ததை அடுத்தடுத்த இதழ்களில் அட்டவணையாக வெளியிடுகிறோம்.