ஐவர் ஆண்டால் கெடுமா?

பைத்தான் மொழி தழைத்ததெல்லாம் கைடோ வான் ராஸம் என்ற ஏகநாயகரின் தயவினாலேயே என்றும், கூட்டுத் தலைமை வந்தால் காரியம் குந்தகப்படும் என்றும் நண்பர் சாதிக்கிறார். முற்பகுதியில் பாதி உண்மையுண்டு; பிற்பகுதியில் அதுவுமில்லை.

ஒரு கோவையின் நடுவிலேயே மதிப்புக்குப் பெயர் சூட்ட உதவும் ஒரு சிறு குறியீட்டைப் பற்றிய தர்க்கம் முற்றி, அந்தப் பிரேரணையை அங்கீகரித்துத் தீர்ப்புச் சொன்ன பின்னும் ஓயாத கண்டனங்களால் மனம் சலித்து, தமக்குப் பின் யார் என்றும் சொல்லாமல் 2018 ஜூலையில் பதவியை உதறியவர் அந்த ஏகநாயகரே அல்லவா? (சர்வாதிகாரியும் களைத்துப் போவான் என்பதை அவருடைய பக்தர்கள் ஏனோ நினைப்பதில்லை.) மூல நிரலாளர்கள் வாக்களித்து 2019-இல் அமைத்த ஐவர் சபையிலோ, ஒரே நிறுவனத்தின் ஊழியர் இருவருக்கு மேல் இடம்பெறலாகாது; மூன்றில் இரு பங்கு வாக்கு திரண்டால் சபையையே நீக்கவும் விதியுண்டு. முதற்சபையில் வான் ராஸமே ஐவரில் ஒருவராக அமர்ந்தார். அவர் பின்னர் இணைந்து எழுதிய 'பேட்டர்ன் மேட்சிங்' பிரேரணையை, பலத்த ஆட்சேபங்களுக்கிடையே பரிசீலித்து, 2021-இல் ஏற்றுக்கொண்டதும் சபைதான்.

காரியம் குந்தகப்பட்டதா? முன்பு ஏறத்தாழ ஒன்றரை வருஷத்துக்கு ஒன்றாக வந்த புதிய பதிப்பு, சபையின் காலத்தில் வருஷந்தோறும் அக்டோபரில் வெளிவருகிறது.