வாழ்க்கைக் குறிக்கோள் எங்கிருந்து வருகின்றது?

இறுதித் தேர்வுகளுக்குச் சின்னாள் முன்னர், ஒரு மாலைப்பொழுதில், நம் கல்லூரிப் புத்தகசாலையின் தாழ்வாரத்தில் மூன்றாம் ஆண்டு மாணாக்கர் ஒருவர் என்னை அணுகி, "ஐயா, தங்களோடு சற்றுப் பேசலாமோ?" என்று வினவினார். நன்கு பயில்பவர்; அடக்கமுடையவர். அன்று அவர் முகத்தில் வாட்டங் கண்டேன். பணமுடையோ, வீட்டில் நோயோ என்று ஐயுற்று உட்காரச் சொன்னேன். அவர் கூறியது வேறு. "இவ்வாண்டு எங்களுக்குச் சொற்பொழிவு செய்தோர் அனைவரும், வாழ்க்கைக்கு ஒரு குறிக்கோளைக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும், அஃதில்லாத வாழ்வு வீண் என்றே கூறினர். இரண்டு மாதங்களாகத் தனித்திருந்து சிந்திக்கின்றேன். ஒன்றும் அகப்படவில்லை. என் தோழர்கள் அனைவரும் கண்டுபிடித்துவிட்டார்கள் போலும். என்பால் ஏதோ குறையுண்டென்று அஞ்சுகின்றேன்" என்றார்.

அவர் தோழர்கள் பலரையும் யான் அறிவேன். அவர்களுள் பெரும்பாலோர் ஒன்றையுங் கண்டுபிடித்திலர் என்பதையும் அறிவேன். எனினும் அதைச் சொல்லித் தேற்றுவது தேறுதலாகாது. சொற்பொழிவாளர் மீது எனக்குச் சிறிது சினமும் உண்டாயிற்று. குறிக்கோள் என்பது உள்ளத்தின் ஆழத்தில் எவனோ புதைத்துவைத்த பொற்குடம் போலவும், விடாது தோண்டினால் அகப்பட்டே தீரும் போலவும் அன்னார் பேசுகின்றனர். தோண்டியும் கிடைக்கப்பெறாத இளைஞன், நிலம் வெறுநிலமென்று முடிவுகட்டிவிடுகின்றான். யான் அறிந்தமட்டில், அரிய குறிக்கோளோடு வாழ்ந்தோர் பலர்க்கும் அஃது உள்ளிருந்து வந்ததன்று. பிறரொருவர் வாய்ச்சொல்லாக வெளியிலிருந்து வந்தது. அதுவும் பெரும்பாலும் விரும்பத்தகாத வேளையிலே வந்தது. இக்கருத்தை அம்மாணாக்கருக்கு இரண்டு வரலாறுகளைக் கொண்டு விளக்கினேன். ஏனையோர்க்கும் பயன்படுமென்று கருதி ஈண்டு எழுதலானேன்.

முதலாவது நம்மனோர் அனைவரும் கேள்வியுற்றதே. ஆயினும் கேள்வியுற்றோர் பலரும் அதன் நடுவிலுள்ள நாணத்தைக் கவனித்திலர். 1880 ஆம் ஆண்டு, கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக இருபத்தைந்து வயதினர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் உ. வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அவர்கள் 1876 இல் மறையுங்காறும் பாடங்கேட்டவர். தியாகராச செட்டியார் தாம் வகித்த ஆசிரியப் பதவியினின்று ஓய்வு பெறுங்கால், இவரே அதற்குரியரெனப் பரிந்துரைத்துத் தம் இடத்தில் அமர்த்தினார். சம்பளம் மாதம் ஐம்பது ரூபாய். கல்வி, புகழ், ஊதியம் ஆகிய மூன்றும் கைகூடிய அவ்விளைஞர்க்கு இனித் தேடவேண்டுவதொன்றுண்டு என்ற எண்ணமே தோன்றியிராது.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் சேலம் இராமசுவாமி முதலியார் என்பார் அவ்வூர்க்கு முன்சீபாக வந்தார். ஐயர் அவரைக் காணச் சென்றார். யாரிடம் படித்தீர், யாது படித்தீர் என்று முதலியார் வினவினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். கேட்பவர் முகத்தில் வியப்பின் சாயலே தோன்றவில்லை. இவற்றைப் படித்ததனால் என்ன பயன் என்ற கருத்துப்படப் பேசி, இவற்றிற்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்ததுண்டோ, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டோ, மணிமேகலையை, சிலப்பதிகாரத்தைப் படித்ததுண்டோ என்று கேட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. படியாமை மட்டுமோ? அவர்தம் ஆசிரியரும் அவற்றைப் பாடஞ்சொன்னதில்லை.

அன்பர்களே, இவ்விடத்திற் சற்று நிற்போம். கல்லூரியாசிரியர் ஒருவரை, அவர் தம் துறையிலேயே, நியாயஸ்தல உத்தியோகஸ்தர் ஒருவர் இங்ஙனம் வினவினால், நாமெல்லாம் யாது செய்வோம்? என் நெஞ்சறிய உரைக்கின்றேன்: யானாயின் வீடு திரும்பி, முன்சீபுக்குத் தமிழைப்பற்றி என்ன தெரியுமென்று மனைவியிடம் முறையிட்டிருப்பேன். ஐயரோ, பிரதி கிடைத்தாற் படிக்கின்றேன் என்றார். முதலியார் தம்பாலிருந்த சிந்தாமணிக் கடிதப் பிரதியை அவரிடம் தந்தார். ஐயரின் பிற்கால வாழ்வு முழுதும் அந்தப் பிரதியினின்று விரிந்ததேயாம்.

பிரதியைத் திறந்தால் ஒன்றும் விளங்கவில்லை. நூலோ சமண நூல். நச்சினார்க்கினியர் உரையிலுள்ள குறிப்புக்கள் சமண சமயத்தறிவின்றி விளங்கா. அந்நூலின் முதல் இலம்பகத்தை மட்டும் பவர் என்னும் பாதிரியார் 1868 இல் அச்சிட்டிருந்தார். ஏனைய பகுதி இருளிற் கிடந்தது. ஐயம் தீர்ப்பார் யாரென்று வினவிய ஐயரை, அவ்வூரில் வாழ்ந்த சமணர் இல்லத்திற்கு அழைத்துச் சென்றனர். அங்கே வாயிலிற் கோலமும் தோரணமும் விளங்கின. விசேடம் யாதென்று கேட்டபோது, ஆறு மாதகாலமாகத் தாங்கள் சிந்தாமணியைப் படித்துவந்து அன்று நிறைவேற்றியதாக அவ்வீட்டார் கூறினர். தமிழ்ப் புலவருலகம் மறந்துவிட்ட நூல், அவர் தினந்தோறும் நடந்து செல்லும் அதே ஊரில், ஒரு வீட்டுத் திண்ணைக்கப்பால் வாழ்ந்துகொண்டிருந்தது! நாணித் தலைகவிழ்ந்து முன்சீப் வீட்டினின்று ஓடியிருந்தால் அவ்வாயிலை அவர் ஒருநாளும் மிதித்திருக்கமாட்டார்.

சிந்தாமணி 1887 இல் அச்சேறியது. அதன்பின் 1889 இல் பத்துப்பாட்டு, 1892 இல் சிலப்பதிகாரம், 1894 இல் புறநானூறு, 1898 இல் மணிமேகலை. இவ்வாண்டுகளை வரிசையாகப் படிக்குங்கால் வெற்றியூர்வலம்போலத் தோன்றும். உள்ளே நிகழ்ந்தது அதுவன்று. கல்லூரிப் பாடம் முடிந்த பின்னரும் விடுமுறை நாட்களிலுமே ஏடு தேடவும், ஒப்புநோக்கவும், அச்சுத்தாள் திருத்தவும் அவருக்கு நேரங் கிடைத்தது. அச்சுக்கூலிக்குக் கையொப்பஞ் சேர்த்தார், போதாதவிடத்துக் கடன்பட்டார். குற்றங்கூறுவாரும் இலராயினரல்லர். ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் சென்றபோது, பழுதுபட்ட பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அங்குள்ளார் கூறக்கேட்டார். அவ்வழி திரும்புகையில் அவர் நெஞ்சம் எந்நிலையிலிருந்திருக்கும்!

ஆதலின், குறிக்கோளுடையார் எந்நாளும் இன்புற்றிருப்பர் என்ற சொற்பொழிவாளர் வாக்கை யான் ஏற்கேன். ஆயினும் ஐயரவர்களின் சுயசரிதத்தைப் படிப்போர் ஒன்றை உணராதிரார். ஒரு பாடத்திற்கு உண்மையான வடிவம் அகப்பட்டபோது, தவறிப்போன சில அடிகள் வேறோர் ஏட்டிற் கிடைத்தபோது, அவர் எழுத்தில் ஒரு சிறுவனுடைய துள்ளல் உண்டு. தம் மகிழ்ச்சியை நாடி அவர் அந்த அடிகளைத் தேடவில்லை. அடிகளைத் தேடினார், மகிழ்ச்சி பின்னே வந்து சேர்ந்தது. தாம் மகிழ்வுற்றோமா இல்லையா என்று சோதிக்க அவருக்கு ஓய்வும் இருந்திராது. 1942 இல், எண்பத்தேழு வயதில் உயிர் நீங்குமளவும் இந்நிலையே. தம் வரலாற்றையே 1940 இல்தான் வாரப்பத்திரிகையில் எழுதத் தொடங்கினார், அது முற்றுப்பெறவில்லை.

பிறிதொன்றும் இதிற் கவனிக்கத்தக்கது. பதவியை உதறிவிட்டு அவர் இப்பணிக்குப் புறப்பட்டாரில்லை. 1903 வரை கும்பகோணத்திலும், அதன்பின் 1919 வரை சென்னை இராசதானிக் கல்லூரியிலும் பாடஞ்சொல்லிச் சம்பளம் பெற்றே உழைத்தார். அவர்க்கு முன்னே பழைய நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளையும் அவ்வாறே. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் கல்லூரியிற் பயின்று, 1857 இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகளுள் ஒருவராகி, அரசாங்கக் கணக்கு இலாகாவிலும் பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் ஊழியஞ்செய்தவர் அவர். இதை நம் இளைஞர்க்கு வற்புறுத்திக் கூறுகின்றேன். ஏனெனில், கிடைத்த வேலையை ஏற்றால் குறிக்கோளுக்குத் துரோகஞ்செய்ததாகும் என்று எண்ணுவோர் இக்காலத்துப் பெருகிவருகின்றனர். வயது முதிர்ந்த தந்தையும் படிக்கும் தங்கையும் வீட்டிலிருக்க, குறிக்கோள் வருமளவும் வேலை வேண்டாவென்று காத்திருப்பது துறவுமன்று, வீரமுமன்று.

இரண்டாம் வரலாறு துயரமானது. ஆதலின் சுருங்கக் கூறுவேன். ஐடா ஸ்கடர் என்னும் அம்மையார் 1870 இல் இராணிப்பேட்டையிற் பிறந்தவர். பாட்டனார் 1819 இல் இலங்கைக்கு வந்த வைத்திய மிஷனரி, தந்தையாரும் அத்தொழிலரே. குடும்பத்தொழில் தமக்கு வேண்டாமென்பதே அப்பெண்ணின் உறுதியான எண்ணம். அமெரிக்காவிற் கல்விபயின்று, அங்கேயே இன்பவாழ்வு வாழ விரும்பினார். தாயார் நோயுற்றமையால் 1890 இல் சிலகாலம் தங்கிப்போகத் திண்டிவனம் வந்தார். ஓரிரவு, பிராமணர் ஒருவரும், முகம்மதியர் ஒருவரும், வேறொரு சாதி இந்து ஒருவரும், ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். தம் தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் பெண்டிரைத் தொடலாகாதென்று மூவரும் மறுத்துத் திரும்பினர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

மருத்துவம் அறியாத இளம்பெண் அவ்விரவிற் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அவர்மீது குற்றமும் இல்லை. எனினும் அவர் அக்கேள்வியை அவ்விரவோடு விட்டுவிடவில்லை. அமெரிக்கா மீண்டு வைத்தியம் பயின்று, 1899 இல் பட்டம்பெற்று, 1900 இல் இந்நாட்டுக்கு வந்தார். 1902 இல் வேலூரில் நாற்பது படுக்கைகளோடு ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. தாமொருவர் எத்தனை கதவுகளுக்குச் செல்லமுடியும் என்று கண்டு, 1909 இல் தாதியர்க்கும், 1918 இல் பெண் வைத்தியர்க்கும் பள்ளி நிறுவினார். 1960 இல் அவர் மறைந்தார். வேலூர் ஆஸ்பத்திரி இன்றும் நோயாளர் கூட்டத்தால் நிறைந்துள்ளது.

ஒரு தடையை யானே எழுப்பிக்கொள்கின்றேன். வந்து கேட்பார் அனைவர் சொல்லுக்கும் இணங்குவதோ வாழ்க்கை? அங்ஙனமாயின் மனிதன் காற்றிலாடும் நாணலாவான். ஐயரின் தந்தையார் சங்கீத வித்துவான். மகனும் அக்கலையில் தேறவேண்டுமென்பது அவர் அவா. ஐயர் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிலகாலம் சங்கீதம் பயின்றார். தமிழ்ப்பயிற்சிக்கு அது தடையாகுமென்று அறிந்தபின் விட்டார். ஆகவே கேட்டவை அனைத்தையும் அவர் செய்தாரில்லை. எதை ஏற்பது, எதை விடுப்பது என்பதற்கு முழம்போட்டு அளக்கும் விதி எனக்குத் தெரியாது. சில வினாக்கள் கேட்டவர் போனபின்னும் போகாமல் உடன் உறங்கி உடன் விழிக்கின்றன. அவற்றை இலேசாகத் தள்ளலாகாது என்றமட்டிற் கூறுவேன். அன்றியும், வினா வருங்கால் அதனைத் தாங்க ஆயத்தம் வேண்டும். அந்தாதியும் உலாவும் கற்ற ஆண்டுகள் வீணென்று முன்சீப் கருதியிருக்கலாம். அப்பயிற்சியே இல்லாத ஒருவர் கையிற் சிந்தாமணிப் பிரதியைத் தந்திருந்தால் அது பரணுக்கே போயிருக்கும்.

இத்துணையும் கேட்ட மாணாக்கர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஐயா, முன்சீப்பும் என்னைத் தேடி வரவில்லை, இரவில் யாரும் கதவைத் தட்டவுமில்லை" என்றார். இளநகை தோன்றிற்று, அதனால் எனக்கு நிம்மதி உண்டாயிற்று.

"கடைசியாக உம்மிடம் யார், எதைக் கேட்டனர்?" என்றேன்.

அவர் சற்று யோசித்தார். விடுதிச் சமையற்காரரின் மகன் எட்டாம் வகுப்பிற் கணக்கில் இருமுறை தவறியவனாம். ஒருநாள் கூச்சத்தோடு வந்து பின்னக்கணக்குச் சொல்லித்தரக் கேட்டானாம். சில வாரங்கள் இராச்சாப்பாட்டிற்குப்பின் சொல்லித் தந்தாராம். வகுப்பில் ஆசிரியர் சொல்லும் முறையில் அவனுக்கு விளங்காதது, தோசையைத் துண்டாக்கிக் காட்டியவுடன் விளங்கிற்றாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறியதை அவர் அறிந்திலர்.

"இப்போதும் சொல்லித் தருகின்றீரோ?"

"இரண்டு மாதமாக இல்லை, ஐயா. குறிக்கோளைப்பற்றிச் சிந்திக்கத் தனிமை வேண்டியிருந்தது" என்றார். சொல்லி முடிக்குமுன் அவரே நிறுத்திக்கொண்டார்.

அச்சிறுவனுக்குக் கணக்குச் சொல்லித்தருவதே அவர் வாழ்நாட்பணி ஆகுமென்று யான் நினைக்கவுமில்லை, சொல்லவுமில்லை. புத்தகசாலை மூடும் மணி அடித்தது. சமையற்கூடத்தில் சாப்பாடு எத்தனை மணிக்கென்று கேட்டேன். ஏழரைக்கு என்றார். விடைபெற்றுப் படியிறங்கியவர், பாதி வழியில் திரும்பி வந்து, காகிதமும் ஒரு பென்சிலும் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.