ஆளற்ற தெருக்களின் பந்தயம்

தெருப்பந்தய வீடியோ விளையாட்டுகள் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றவையா என்ற பேச்சு எங்கள் கூடுகையில் எழுந்தபோது, அதை ஒரு கேள்வியாகவே யாரும் மதிக்கவில்லை. எந்தப் படைப்பின் மீதும் வயதுவேலி போடுவது தணிக்கையின் முதற்படி என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொண்டார்கள் சில நண்பர்கள். இந்தக் குப்பைகளைப் பற்றி இலக்கியவாதிகள் எதற்குப் பேச வேண்டும், ஒட்டுமொத்தமாகத் தடை செய்துவிட்டுப் போகட்டுமே என்று சலித்துக்கொண்டார்கள் வேறு சிலர். இரு தரப்பினருக்கும் ஓர் ஒற்றுமை இருந்தது. ஒருவர்கூட இவற்றில் எதையும் விளையாடியதில்லை. படிக்காத நாவலுக்கு மதிப்புரை எழுதுகிறவரை நாம் என்ன சொல்லி ஏசுவோம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிராயச்சித்தமாக, எங்களில் மூவர் வீட்டுப் பிள்ளைகளின் கணினியைச் சில வார மாலைகளுக்கு இரவல் வாங்கினோம். எங்கள் வண்டியோட்டும் திறமை குறித்து அப்பிள்ளைகள் வழங்கிய விமர்சனம் அச்சில் ஏறத் தக்கதன்று.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இவ்விளையாட்டுகளில் புகழ்பெற்றவை பலவும், எந்த வயதினருக்கு உகந்தவை என்று முத்திரையிட்டு விற்கப்படுகின்றனவோ அந்த வயதினருக்கு ஏற்றவை அல்ல. வேகத்தை நாங்கள் குற்றம் சொல்லவில்லை. ரத்தக்களரியையும் சொல்லவில்லை, இவற்றில் ரத்தமே கிடையாது. இவற்றின் தெருக்களில் மனிதர்களே இல்லை என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

2005-இல் வெளிவந்த 'நீட் ஃபார் ஸ்பீட்: மோஸ்ட் வான்டட்' நம்மூரில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு நன்கு பழக்கமானது. ராக்போர்ட் என்றொரு கற்பனை நகரம். அங்கே பதினைந்து தெருப்பந்தயக்காரர்களின் பட்டியல் ஒன்று. ஒவ்வொருவராக வீழ்த்தி மேலே ஏற வேண்டும். அதற்குப் பந்தயத்தில் வெல்வது மட்டும் போதாது, நம் தலைக்கு வைக்கப்படும் விலையும் ஏற வேண்டும். போலீஸ் வண்டிகளை நொறுக்கினால் விலை ஏறும். துரத்தல் நீள நீள இன்னும் ஏறும். இந்தக் கணக்கு அபாரமான கச்சிதத்தோடு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள எங்களுக்குக் கூச்சமில்லை. எங்களில் ஒருவர், வயது ஐம்பத்திரண்டு, இரவு ஒன்றரை மணிவரை நாற்காலியைவிட்டு எழவில்லை.

மூன்றாம் நாள், துரத்துவார் யாரும் இல்லாத ஒரு வேளையில், வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நகரத்தைச் சுற்றிப் பார்த்தோம். கடைகள் இருந்தன, பெட்ரோல் பங்க் இருந்தது, வீடுகளும் நடைபாதையும் இருந்தன. நடப்பவர் ஒருவரும் இல்லை. ஒரு கிழவி சாலையைக் கடக்கவில்லை. ஒரு பையன் சைக்கிளில் வரவில்லை. எதிரே வந்த காரொன்றை வேண்டுமென்றே இடித்தோம். அது சுழன்று ஓரத்தில் போய் நின்றது. கதவு திறக்கவில்லை. இறங்கி வந்து நம்மைத் திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் இல்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த பதினான்கு வயதுப் பையனிடம், அந்தக் காருக்குள் யார் இருந்தார்கள் என்று கேட்டோம். "அதுக்குள்ள யாரும் இருக்க மாட்டாங்க மாமா, அது டிராஃபிக்" என்றான்.

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது.

2008-இல் வந்த 'பர்ன்அவுட் பாரடைஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. எதிர்த்திசையில் ஓட்டினால் வெகுமதி, மயிரிழையில் உரசாமல் தப்பினால் வெகுமதி. ஒரு விளையாட்டு முறையில், நம் காரை உருட்டி உருட்டி எத்தனை வாகனங்களை நொறுக்குகிறோம் என்பதே போட்டி. சேதம் டாலரில் கணக்கிடப்பட்டுத் திரையில் ஏறிக்கொண்டே போகும். அந்த நகரம் முழுவதிலும் ஒரு மனிதர் இல்லை, நாம் ஓட்டும் காரிலும் ஓட்டுநர் இருக்கை காலி. அமெரிக்காவில் விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் இடும் ஈஎஸ்ஆர்பி என்ற அமைப்பு இதற்குக் கொடுத்த தரம், பத்து வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் உகந்தது என்பது. மோஸ்ட் வான்டடுக்குப் பதின்மூன்று வயது.

இத்தரம் எதை அளக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். 1976-இல் எக்ஸிடி என்ற அமெரிக்க நிறுவனம் 'டெத் ரேஸ்' என்ற நாணய விளையாட்டை வெளியிட்டது. குச்சிகுச்சியான உருவங்களைக் காரால் ஏற்றினால் அவை சிலுவைகளாக மாறும், புள்ளி கிடைக்கும். கூச்சல் எழுந்தபோது நிறுவனம் அளித்த விளக்கம், அவை மனிதர்கள் அல்லர், குட்டிப்பூதங்கள் என்பது. 1997-இல் 'கார்மகெடான்' வந்தது. பாதசாரிகளை ஏற்றிக் கொல்வதுதான் அதில் விளையாட்டே. பிரிட்டனின் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. தயாரிப்பாளர்கள் பாதசாரிகளைப் பிணப்பூதங்களாக்கி, ரத்தத்துக்குப் பச்சை நிறம் பூசினார்கள். ஜெர்மனியில் அவர்களையே இயந்திரப் பொம்மைகளாக்கினார்கள். விளையாட்டு கடைக்கு வந்தது. அதே சக்கரம், அதே செயல், நிறம்தான் வேறு. பிறகு மேல்முறையீட்டில் அசல் வடிவத்துக்கும் அனுமதி கிடைத்தது என்பது தனிக்கதை. 2005-இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்' பெரியவர்களுக்கு மட்டும் என்ற கடைசித் தரத்துக்குத் தள்ளப்பட்டதே, அதற்குக் காரணம் நடைபாதையில் அடிபட்டுச் சாகும் மனிதர்களா? அவர்கள் தொடக்கத்திலிருந்தே அதில் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நிரலுக்குள் ஒளிந்திருந்த ஒரு பாலியல் காட்சியை யாரோ தோண்டி எடுத்துவிட்டதுதான் காரணம்.

ஆக, தரமிடுகிறவர்கள் பார்ப்பது கண்ணுக்குத் தெரியும் உடலை. அது சிதைகிறதா, எந்த நிறத்தில் சிதைகிறது, ஆடை அணிந்திருக்கிறதா என்பவை அவர்களின் கேள்விகள். உடலையே தெருவிலிருந்து துடைத்து எடுத்துவிட்டால் கேள்விகள் அனைத்தும் தீர்ந்துபோகின்றன, பெட்டியின் மேல் சிறுவர்க்கு உகந்த எண் ஏறிவிடுகிறது. எங்களுக்கோ நேர்மாறாகத் தோன்றுகிறது. சான் ஆண்ட்ரியாஸில் இடிபட்டவர் அலறுகிறார், பார்த்தவர்கள் ஓடுகிறார்கள். அது கேவலமான விளையாட்டாகவே இருக்கட்டும், தெருவில் ஆள் உண்டு என்ற உண்மையையாவது அது மறைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது என்று நாம் வாங்கித் தருவதுதான் அந்த உண்மையை மறைக்கிறது.

இலக்கியத்தில் கொலை இல்லையா, தேர்ச்சக்கரத்தில் உயிர்கள் நசுங்கவில்லையா என்று எங்கள் நண்பர் ஒருவர் வெகுண்டார். இருக்கின்றன. நம் மொழியில் தெருவில் வண்டியோட்டிய இளைஞனைப் பற்றிய மிகப் பழைய கதை திருவாரூரில் நடக்கிறது. மனுநீதிச் சோழனின் மகன் தேரேறிப் போகிறான், கன்று ஒன்று குறுக்கே பாய்ந்து சக்கரத்தில் மடிகிறது. பெரியபுராணத்தில் அந்த இளவரசன் பொறுக்கியல்லன். கன்றுக்காகக் கதறும் தாய்ப்பசுவைப் பார்த்து அவனே உடைந்துபோகிறான். அந்தப் பசுதான் அரண்மனை மணியை அடிக்கிறது. தந்தை அளித்த தண்டனை நீதியா கொடுமையா என்று எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம், வாதிட்டும் இருக்கிறோம். ஆனால் கதைசொல்லி கன்றைத் தெருவிலிருந்து நீக்கவில்லை. நீக்கியிருந்தால் எஞ்சுவது அழகான தேர், நான்கு குதிரைகள், ஒரு நல்ல வளைவு. அதாவது மோஸ்ட் வான்டட்.

விளையாட்டு வேறு, வாழ்க்கை வேறு, பிள்ளைகளுக்கு அது தெரியும் என்பது அடுத்த வாதம். பெரும்பாலும் தெரியும்தான். எனினும் சில ஆய்வுகளைத் தள்ளிவிட முடியவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரில் பீட்டர் ஃபிஷரும் அவருடைய சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பந்தய விளையாட்டு ஆடிய ஆண்கள், கணினியில் காட்டப்பட்ட நெருக்கடியான சாலைச் சூழல்களில் கூடுதலாக ஆபத்தை நாடினார்கள். 2009-இல் ஃபிஷர் குழு இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டது. சாலை விதியை மீறுவதற்குப் பரிசளிக்கும் விளையாட்டுகளே இந்த விளைவைத் தந்தன, மற்றப் பந்தய விளையாட்டுகள் தரவில்லை. வேடிக்கை பார்த்தவர்களிடமும் காணப்படவில்லை, ஆடியவர்களிடமே காணப்பட்டது. ஆடியவர்கள் தம்மையே துணிந்து ஓட்டுகிறவர்களாகக் கருதத் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான பதின்வயதினரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து விசாரித்து 2012-இல் இதே திசையில் எழுதினார்கள். முந்தையவை ஆய்வகத்தில் நடந்தவை, உண்மைச் சாலையில் அல்ல. பிந்தையது தொடர்பைக் காட்டுகிறதே தவிரக் காரணத்தை ஐயமற நிறுவவில்லை. இவற்றை வைத்துக்கொண்டு விளையாட்டு கொலை செய்கிறது என்று முழங்குவது மோசடி. ஆனால் தன்னைப் பற்றிய சித்திரம் மாறுகிறது என்ற அந்த ஒரு சொல், கதைகள் மனிதனை என்ன செய்கின்றன என்று வாழ்நாளெல்லாம் பேசுகிற நம்மைச் சற்றேனும் உறுத்த வேண்டாமா? நாவல் மனிதனை மாற்றும், விளையாட்டு மட்டும் மாற்றாது என்பது வசதியான நம்பிக்கை.

தடை கோருகிறவர்கள் இந்த இடத்தில் மகிழ்ந்துவிட வேண்டாம். தமிழர்கள் திரளாக வாழும் டொராண்டோவில் 2006 ஜனவரியில் ஓர் இரவு, பதினெட்டு வயது இளைஞர் இருவர் தெருவில் பந்தயம் ஓட்ட, திருப்பத்தில் வந்த டாக்ஸி நொறுங்கியது. ஓட்டுநர் இறந்தார். பாகிஸ்தானிலிருந்து குடிபெயர்ந்தவர், கனடியக் குடியுரிமை பெறச் சில நாட்களே இருந்தன. இளைஞர்களின் காரொன்றில் 'நீட் ஃபார் ஸ்பீட்' விளையாட்டு இருந்தது என்று போலீஸார் சொல்ல, உலகப் பத்திரிகைகள் அந்த வட்டைத் தலைப்பாக்கின. இருவரும் ஓட்டியவை பெற்றோரின் மெர்சிடிஸ் கார்கள் என்பதும் அதே செய்தியில் இருந்தது. வட்டு சில பத்து டாலர், கார்? எதைக் கையில் கொடுத்தது யார் என்று தலைப்பு கேட்கவில்லை. ஒன்டாரியோ மாகாணம் 2007-இல் கொண்டுவந்த கடும் விதிகள் வட்டைத் தொடவில்லை, வண்டியைத் தொட்டன. அப்போதைய விதிப்படி, வரம்புக்கு மேல் மணிக்கு 50 கிலோமீட்டர் போனாலே அங்கேயே உரிமம் பறிபோனது, வண்டி ஏழு நாள் முடக்கப்பட்டது, அபராதம் 2,000 டாலரிலிருந்து 10,000 டாலர் வரை இருந்தது.

2024 மே மாதம் புனேயில் பதினேழு வயதுச் சிறுவன் போர்ஷே காரால் இளம் பொறியாளர் இருவரைக் கொன்றபோது, விளையாட்டு வட்டு எதுவும் பேசப்படவில்லை. சாவி வீட்டிலிருந்து வந்தது. சிறார் நீதி வாரியம் முதலில் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, விபத்துகள் குறித்து 300 சொற்களில் கட்டுரை. கட்டுரையை இத்தனை கேவலப்படுத்தியவர்களை எழுத்தாளர்களாகிய நாம் தனியாகக் கண்டித்திருக்க வேண்டும். இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டியோட்டிக் குற்றம் செய்தால் வண்டியின் உரிமையாளருக்கோ பாதுகாவலருக்கோ மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவு வேளை இரண்டு சக்கர வண்டிகளை முறுக்கும் பிள்ளைகளின் தந்தையரில் எத்தனை பேருக்கு இந்த எண் தெரியும்?

தடை என்ன செய்யும் என்பதற்கும் சான்று உண்டு. 2019 மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் பப்ஜி விளையாட்டுக்குத் தடை போட்டார்கள். அடுத்த சில நாட்களில் கைப்பேசியில் விளையாடிக்கொண்டிருந்த இளைஞர்கள் கைது செய்யப்பட்டார்கள். நூல்களுக்கு நேர்ந்த தடைகளை எதிர்த்து எழுதிய கையால் இதற்குக் கையொப்பமிட எங்களால் முடியாது.

நாங்கள் கேட்பது அதைவிடச் சிறியது, ஒருவேளை அதைவிடக் கடினமானது. தரமிடும் அமைப்புகள் ரத்தத்தின் நிறத்தோடு, விளையாட்டு எதற்குப் பரிசளிக்கிறது என்பதையும் பார்த்துப் பெட்டியின் மேல் எழுதட்டும். பொதுச்சாலையில் எதிர்த்திசையில் ஓட்டுவதற்குப் புள்ளி தரும் விளையாட்டு பத்து வயதுக்கு உரியதன்று; எங்கள் கணக்கில் பதினாறு. வேகத்தை நேசிக்கும் பிள்ளைக்கு மாற்று இல்லாமலும் இல்லை. 1997-இல் தொடங்கிய 'கிரான் டூரிஸ்மோ' வரிசையில் பெரும்பாலான பந்தயங்கள் மூடிய தடத்தில் நடப்பவை. ஆரம்பகால வெளியீடுகளில், எங்கே பிரேக் பிடிப்பது, வளைவில் எப்படி நுழைவது என்று உரிமத் தேர்வு எழுதித் தேறினால்தான் பல பந்தயங்களில் நுழையவே விடுவார்கள். எங்கள் ஐம்பத்திரண்டு வயது நண்பர் அதில் முதல் தேர்விலேயே தோற்றார்.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். எங்கள் பதினான்கு வயது நண்பனிடம் இதைச் சொன்னோம். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப இந்த கேம்ல ஆளை வெச்சா அது நல்ல கேமா மாமா?" என்று கேட்டான். எங்கள் கூடுகையில் எழுந்த எல்லாக் கேள்விகளையும்விட நல்ல கேள்வி அது. மூவரும் மூன்று பதில் சொன்னோம். அவன் மறுபடி ராக்போர்ட்டுக்குப் போய்விட்டான். கியர் வண்டிக்கு உரிமம் கிடைக்க அவனுக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கின்றன. அவன் தந்தையின் 150 சிசி வண்டிச் சாவி தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. அதை இடம் மாற்றச் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்.