தேட வேண்டாத இயக்கி

பெங்களூரு எஸ்.பி. சாலையில் யு.எஸ்.பி. ஒலிமாற்றி வாங்கும் ஆய்வு மாணவர், களஆய்வுக் கசெட்டுகளைக் கணினியில் ஏற்ற முனைகிறார். பாதியில் நின்று 'நல்ல டிரைவர்' தேடி அலைகிறார். நாடாக்களோ ஆண்டுக்காண்டு நைந்து வருகின்றன. இத்தேடலைத் தொழில்நுட்பத் திறன் என்று மெச்சுவோர் உண்டு. திறன் அன்று அது. உற்பத்தியாளர் செய்யாமல் விட்ட வேலை மாணவர் தலையில் விழுந்திருக்கிறது.

யு.எஸ்.பி. ஒலிக்கருவிகளுக்கான பொதுத்தரம் 1998இலேயே வந்துவிட்டது. அதன்படி அமைந்த கருவிக்குத் தனி இயக்கி வேண்டா. இயங்குதளத்தில் உள்ளதே போதும். 2006இல் வெளியான இரண்டாம் தரத்தை லினக்ஸ் 2010இல் ஏற்றது. விண்டோஸோ 2017 வரை காக்க வைத்தது. அந்த இடைவெளியில் நிறுவனங்களின் மூடிய இயக்கிகள் பெருகின. நிறுவனம் அவற்றைக் கைவிட்டால், பழுதற்ற கருவியும் புதிய விண்டோஸில் ஊமையாகலாம்.

ஆஸியோ இன்றேல் ஒலி தாமதிக்கும் என்பர். தம் குரலை உடனுக்குடன் காதில் கேட்க வேண்டிய பாடகருக்கு அது மெய். கசெட்டைப் படியெடுப்பவருக்கு அரை வினாடித் தாமதத்தால் என்ன கேடு? ஒலிமாதிரிகள் விடுபடாதிருந்தால் போதும்.

பொதுப்பணத்தில் வாங்கும் பல்கலைக்கழகம், தனி இயக்கி கேட்கும் கருவியைக் கொள்முதல் பட்டியலில் சேர்க்கவே கூடாது. லினக்ஸ் மடிக்கணினி ஒன்றில் செருகிப் பார்த்தால் கடையிலேயே தெரிந்துவிடும்.