ஒரே சிப்பாய், மூன்று முத்திரை

1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் அயர் கூட்டின் ஆங்கிலப் படை லாலியின் பிரெஞ்சுப் படையை வென்றது. பாடப்புத்தகத்தில் இந்த இரு தளபதிகளின் பெயர்தான் இருக்கும். இரு பக்கமும் அணிவகுத்து நின்ற நம் நாட்டுச் சிப்பாய்களுக்குப் பெயர் கிடையாது. ஆனால் அவர்கள் குணத்துக்குச் சான்றிதழ் எழுதுவதை மட்டும் வெள்ளைக்காரர்கள் விடவே இல்லை.

முதல் சான்றிதழ் ‘விசுவாசி’. 1751 ஆற்காட்டு முற்றுகையில் உணவு குறைந்தபோது சோற்றை வெள்ளையருக்கு விட்டுவிட்டு, வடித்த கஞ்சியை மட்டும் தாங்கள் குடித்தவர்கள் என்று ஆங்கில வரலாற்றாசிரியர் மெக்காலே உருகி எழுதினார். 1806 ஜூலை 10 அன்று வேலூரில், புதுத் தலைப்பாகையையும் நெற்றிக் குறிக்கு விதித்த தடையையும் பொறுக்காமல் சிப்பாய்கள் எழுந்தார்கள். உடனே ‘துரோகி’ ஆனார்கள். 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை வகித்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் போருக்கு லாயக்கற்றவன் என்றே முடிவுகட்டினார். வடமேற்கு எல்லையில் ரஷ்யா வந்துவிடும் என்ற பயம் ஆங்கிலேயருக்கு. 1857 கிளர்ச்சியில் கைகொடுத்த பஞ்சாபியர்மீது நம்பிக்கை. அதற்குத் தோதாக, பிறப்பிலேயே சிலர்தான் வீரர்கள் என்னும் ‘வீர இனம்’ கொள்கை பிறந்தது. சென்னைக் காலாட்படைகள் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 1920களில் கலைக்கப்பட்டன.

மூன்று முறையும் மாறியது சிப்பாயின் குணமல்ல, எடைபோட்டவரின் தேவைதான். இரண்டாம் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் 1941இல் மதராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுப்பப்பட்டதே இதற்குச் சாட்சி. கலைக்கப்படாமல் தப்பிய சென்னைச் சுரங்கப் படையில் இருந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். 1944இல் இத்தாலியின் மிக்னானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது ஒரு வெடி இயங்கிவிட்டது. ஓடித் தப்பியிருக்கலாம். அவரோ கூட வந்தவர்களைக் காக்க அதன்மீதே விழுந்து உயிர்விட்டார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் வீர விருது வழங்கப்பட்டது. போருக்கு லாயக்கற்றது என்று எழுதித் தள்ளிய தென்னாட்டின் மகன்!

வெள்ளைக்காரன் போய்விட்டான், பிறப்பைப் பார்த்துக் குணத்தை நிர்ணயிக்கும் பழக்கம் நம்மிடம் தங்கிவிட்டது. தமிழகத்தின் வட மாவட்டங்களில் எங்கேனும் திருட்டு நடந்தால், பழங்குடியினரான இருளரின் குடிசைகளை நோக்கிப் போலீஸ் ஜீப் கிளம்புவது இன்றும் நிற்கவில்லை. வீர இனம் என்பது எவ்வளவு பொய்யோ, திருட்டு இனம் என்பதும் அவ்வளவு பொய். தடயமும் சாட்சியும் இல்லாமல் இருளர் வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது என்று எல்லாக் காவல் நிலையங்களுக்கும் அரசு எழுத்துமூலம் உத்தரவிட வேண்டும். மீறுகிற அதிகாரிமீது நடவடிக்கையும் எடுக்க வேண்டும்.